தாடைக்குக் கீழே ஓடியது

அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க. மாலை நசுங்கிரும். ஆமா, கேதத்துக்குத்தான், சாவு வீட்டுக்குத்தான் போறேன். பண்டாரக்குளம். சொந்தமான்னா, சொந்தமெல்லாம் ஒண்ணுங் கிடையாது. சொந்தத்துக்கும் மேல. சொல்லுதேன். இந்த வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர நேரமாவும். சொல்லாம வாய மூடிக்கிட்டு இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

நீங்க எந்த ஊரு? நம்ம ஊருதானா? அப்படின்னா என்னைத் தெரிஞ்சிருக்கணுமே. நல்லாப் பாருங்க. மூஞ்சி தெரியுதுல்லா? அதேதான். செண்பகம் விஷன், எட்டு மணிச் செய்தி, குற்றாலிங்கம். குரல் தெரியலையா? குரலைக் கேட்ட ஞாபகமே இல்லையா? பஸ்ஸு இரைச்சல்ல அப்படித் தோணுது உங்களுக்கு. இந்த டிரைவரு வேற ஆரன்ல இருந்து கையை எடுக்க மாட்டேங்கான்.

இப்பம் நான் செய்தி வாசிக்கதில்ல. ஏன்னு கேக்கீங்களா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஒரு பொம்பளப் பிள்ளை கணக்குப் பேசி என்னைக் கிளப்பிட்டா. கணக்குன்னா ரூவா கணக்கு இல்ல. ஜனங்க எதுக்கு டிவி பாக்காங்கங்கிற கணக்கு.

நம்ம கேபிள் முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சியத் தெரியும்லா? அவரு அம்மா பேருதான் செண்பகம். ஆரம்பிச்ச அன்னையில இருந்து நாந்தான் வாசிப்பு. தமிழ்ல எம்.ஏ. படிச்சவன் நான். ழகரத்துக்கு ஒரு பயலும் என்கிட்ட நிக்க முடியாது. அரை மணி நேரம். நகராட்சிக் கூட்டத்துல எவன் நாற்காலியத் தூக்குனான், பூ மார்க்கெட்டுல பிச்சி என்ன விலை, குத்தாலத்துல தண்ணி விழுதா, ஆடித் தவசுக்கு எந்த ரோட்டை அடைக்காங்க, எல்லாம் என் வாயால வந்தாத்தான் ஊருக்குச் செய்தி. ரோட்டுல போனா ஜனங்க திரும்பிப் பாப்பாங்க அண்ணாச்சி. டீக்கடையில எனக்கு இடம் விடுவாங்க.

அது போக, நான் வாசிக்கும்போது என் தாடைக்குக் கீழ ஒரு வரி ஓடும். இன்னார் காலமானார், இன்ன தெரு, இத்தனை மணிக்கு எடுப்பு. பொறவு எந்தப் பக்கம் கரண்ட் கட்டு, எந்த வார்டுக்குத் தண்ணி. அது மைதீன் வேலை. அங்க கேமராவும் மைதீன்தான், கம்ப்யூட்டரும் மைதீன்தான். நான் பாட்டுக்கு நகராட்சி ஊழல அலசிக்கிட்டு இருப்பேன், தாடைக்குக் கீழ பால்காரர் மாமியார் செத்துப்போனது ஓடும். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? சரி, சவம் ஓடிட்டுப் போவுதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வருஷம் திருநெல்வேலியில கேபிள்காரங்க கூட்டம் ஒண்ணு நடந்துச்சு. முதலாளி அங்க போயிட்டு வந்தாரு. எவனோ அவரு காதுல ஓதியிருக்கான், ஜனங்க இப்பம் உலகத்தைப் பாக்காங்க, பூ விலைய எவன் பாக்கான்னு. வந்ததும் என்னைக் கூப்பிட்டாரு. உள்ளூர்ச் செய்தி இனிமே பத்து நிமிஷம்னாரு. மிச்ச நேரத்துக்குச் சென்னையில இருந்து ஒரு நிகழ்ச்சி. நாலு பேரு உக்காந்து ஒருத்தன் பேசுதது இன்னொருத்தனுக்குக் கேக்காம கத்துவாங்கல்லா, அது.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வத்த வாசிச்சவனுக்குப் பத்து நிமிஷம்! நேரா மைதீன்கிட்டப் போனேன். வே, இருக்கதே பத்து நிமிஷம், அதுலயும் என் தாடைக்குக் கீழ சாவு ஓடக் கூடாது, விளம்பரம் போடுதீருல்லா, அதுக்குக் கீழ ஓட விடும்னு சொன்னேன். விளம்பரத்துக்குக் கீழயா அண்ணாச்சின்னு இழுத்தாரு. சொன்னதச் செய்யும்னேன். அவரும் செஞ்சாரு. அன்னைக்குத்தான் அண்ணாச்சி, முதல் தடவையா என் மூஞ்சி திரையில முழுசாத் தெரிஞ்சுது. சட்டையில மூணாவது பொத்தான் வரைக்கும் தெரிஞ்சுது. மீனா கூடச் சொன்னா, என் வீட்டுக்காரி, இன்னைக்கு என்னமோ பளிச்சுனு இருக்கீங்கன்னு.

மறுநாளே பிடிச்சுது பாருங்க போனு! உள்ளூர்ச் செய்தியக் கெடுத்து வச்சிருக்கீங்களே, பாக்கதுக்கே ஒண்ணுமில்லையேன்னு ஒருத்தரு. எட்டு மணிக்கு டிவியப் போட்டு என்ன புண்ணியம்னு இன்னொருத்தரு. ஒரு அம்மா அழுதுக்கிட்டே பேசுச்சு, உங்களால எங்க சித்தப்பா கேதத்துக்கே போக முடியாமப் போச்சுன்னு. பாத்துக்கிடுங்க, என் செய்தி குறைஞ்சதுல ஒரு குடும்பமே கலங்கிப் போயிருக்கு! வந்த புகாருல முக்காவாசிக்கு மேல உள்ளூர்ச் செய்தியப் பத்தித்தான். சென்னைக்காரன் கத்துததப் பத்தி ஒருத்தன் மூச்சு விடல.

அதோட விட்டுச்சா? விளம்பரக்காரங்க ஒவ்வொருத்தரா விலக ஆரம்பிச்சாங்க. முதல்ல பட்டுக்கடை. அந்த மேனேஜர் போனைப் போட்டு, இனிமே எங்க விளம்பரத்தப் போட்டீங்கன்னா நடக்கதே வேறன்னு கத்துனாரு. அடுத்து கல்யாண மண்டபம். அடுத்து நகைக்கடை. ஒரு செய்தி வாசிப்பாளனுக்காக ஒரு பட்டுக்கடையே கொதிக்குதுன்னா எனக்கு எப்படி இருந்திருக்கும்? உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

இதுக்கிடையில பண்டாரக்குளத்து மனுசன் ஒருத்தரு. ஆறுமுகநயினார். லாரி ஓட்டுனவரு. சர்க்கரை வந்து ரெண்டு கண்ணும் போச்சு. அவரு தினமும் போன் பண்ணுவாரு, செய்தி முழுசா இருந்த காலத்துல இருந்தே பண்ணுவாரு. சாரு, உங்க குரலுதான் எனக்கு டிவியே, அப்படிம்பாரு. எனக்குக் கண்ணு கலங்கிரும். போனை வைக்கதுக்கு முன்னாடி எப்பமும் ஒண்ணு சொல்லுவாரு. கீழ என்னமோ ஓடுதாம்லா சாரு, அதையும் உங்க வாயால வாசிச்சிருங்க, என்கூட லாரி ஓட்டுனவன் ஒவ்வொருத்தனாப் போய்க்கிட்டிருக்கான், எனக்கு வாசிச்சுச் சொல்ல ஆளில்லன்னு. ஆகட்டும் பாப்போம்னு சொல்லி வைப்பேன். ரசிகன்னா இந்த மாதிரி ஏதாவது கேக்கத்தான் செய்வாங்க. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட முடியுமா?

நான் முதலாளி வீட்டுக்குப் போனேன். ரெண்டே விஷயம் சொன்னேன். நேரத்தைக் குறைச்சீங்க, புகார் குமிஞ்சுட்டு. நேரத்தைக் குறைச்சீங்க, விளம்பரம் போயிட்டு. அப்பம் என்ன பண்ணணும்? நேரத்தைக் கூட்டணும். சின்னப் பிள்ளைக்குக் கூட விளங்கும். முதலாளி நாடியத் தடவிக்கிட்டே கேட்டாரு. சரி வே குத்தாலம், பழையபடி அரை மணி நேரம் ஆக்கிருவோம்னாரு. அந்த வார்த்தை அவரு வாயில இருந்து வந்துட்டு அண்ணாச்சி. வந்துட்டு!

அப்பம்தான் அந்தப் பிள்ளை தலையத் தூக்குனா. ஆவுடைச்செல்வி, அவரு மக. கோயம்புத்தூர்ல வியாபாரம் படிச்சுட்டு வந்திருக்கா. அதுவரைக்கும் மூலையில உக்காந்து செல்போனைத் தடவிக்கிட்டிருந்தவ, மாமா, போன் பண்ணுனவங்க என்ன கேட்டாங்கன்னு கேட்டா. உள்ளூர்ச் செய்தி கேட்டாங்க தாயின்னேன். அதான் மாமா, உள்ளூர்ச் செய்தியில எதைக் கேட்டாங்கங்கா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாப்பாடு பத்தலைன்னு ஒருத்தன் கத்துதான், நீ எந்தப் பருக்கை பத்தலைன்னா கேப்பன்னு கேட்டேன். அவ சிரிக்கல, கோவப்படவும் இல்ல. இன்னொண்ணு கேட்டா.

"நேரம் குறைஞ்ச அன்னைக்கே வேற ஏதாவது மாறிச்சா மாமா?"

ஒண்ணும் மாறலைன்னு சொன்னேன். உண்மையத்தான சொன்னேன்? செய்தி குறைஞ்சுது. வேற என்ன மாறிச்சு? தாடைக்குக் கீழ ஓடுததெல்லாம் ஒரு மாத்தமா?

அவ விடல. போன் பண்ணுன ஒவ்வொருத்தருக்கும் இவ திருப்பிப் பேசியிருக்கா. கடை கடையாப் போயிருக்கா. பொறவு என்னையும் மைதீனையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சா. காப்பி குடுத்துக்கிட்டே தலையில கல்லைத் தூக்கிப் போட்டா.

என்ன சொன்னா தெரியுமா? ஊர்ல எட்டு மணிக்கு டிவியப் போட்டு சத்தத்த அடைச்சு வச்சிருவாங்களாம். பிள்ளைங்க படிக்குமாம், அடுப்படியில பேச்சு இருக்குமாம். கீழ ஓடுதத மட்டும் பாத்து, யாரு போயிட்டா, எப்பம் எடுக்காங்க, நாளைக்குக் கரண்டு இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாப்பிட உக்காருவாங்களாம். அந்த வரி செய்தி நேரத்துல இல்லாமப் போச்சுன்னுதான் அத்தனை போனுமாம். சித்தப்பா கேதத்துக்குப் போக முடியாத அம்மாவும் அதைத்தான் சொல்லுச்சாம்.

பட்டுக்கடை விவகாரம் அதுக்கும் மேல. கல்யாணப் பொண்ணு முகூர்த்தப் பட்டு கட்டிக்கிட்டுச் சிரிச்சமேனிக்குத் திரும்புதாளாம், அவ காலுக்குக் கீழ இன்னாரின் இறுதி ஊர்வலம் நாளை காலைன்னு ஓடுதாம். ஜவுளி எடுக்க வந்த பொண்ணு வீட்டுக்காரங்க அதைப் பாத்துட்டு, வேற கடைக்குப் போயிருவோம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். மண்டபத்துக்கும் அதே கதை, நகைக்கடைக்கும் அதே கதை. எனக்குன்னு ஒருத்தரும் கொதிக்கலையாம். நான் கேட்டேன், நல்லதும் கெட்டதும் சேர்ந்ததுதானம்மா வாழ்க்கை, இதுக்குப் போயி விளம்பரத்த நிறுத்துவானான்னு. முதலாளி என்னைப் பாத்த பார்வை இருக்கே! மைதீன் காப்பிய உறிஞ்சுதாரு, நிமிரவே இல்ல. வேணும்னா ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருக்கலாம்லா?

நான் மட்டும் லேசுப்பட்ட ஆளா? மடக்குனேன். நீ யாரைக் கேட்ட? போன் பண்ணுனவங்களைத்தான கேட்ட? போன் பண்ணாம வீட்டுல உக்காந்து ரசிச்சுக் கேட்டவன் எத்தனை பேரு, அது உனக்குத் தெரியுமான்னேன். அவ உடனே, நியாயமான கேள்வி மாமா, சோதிச்சுப் பாத்துருவோம்னா. ஒரு வாரம் நான் பழையபடி அரை மணி நேரம் வாசிக்கணும், கீழ ஒண்ணும் ஓடாது. அடுத்த வாரம் கோபுரத்துப் படத்தைப் போட்டு புல்லாங்குழலை ஓட விட்டு, கீழ வரி மட்டும் ஓடும், நான் இருக்க மாட்டேன். ரெண்டு வாரத்துலயும் விளம்பரத்துக்குக் கீழ வரி ஓடாது. சரின்னுட்டேன். எனக்கென்ன பயம்?

என் வாரத்துல நான் வாசிச்ச வாசிப்பு இருக்கே, அந்த மாதிரி என் சென்மத்துல வாசிச்சதில்ல. பிச்சி விலைய வாசிச்சா மணக்கணும், அப்படி வாசிச்சேன். போன் விடாம அடிச்சுது. எல்லாம் திட்டு. முன்னைக்கும் மேல திட்டு. அவன் மூஞ்சிய அரை மணி நேரம் வச்சு என்ன பண்ண, செத்தவன் பேரைப் போடுங்கடான்னு ஒருத்தன். அடுத்த வாரம் புல்லாங்குழலு. போன் அடிக்கவே இல்ல. பட்டுக்கடை திரும்பி வந்துட்டு. முதலாளிக்கு முகமெல்லாம் பல்லு.

பாத்தீங்களா மாமாங்கா அந்தப் பிள்ளை. என்னத்தப் பாக்க? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, உரிமை இருக்கவன்தான திட்டுவான்? என்மேல பிரியம் இருக்கப் போயித்தான திட்டுதான்? ஒரு வீட்டுல சத்தமே இல்லைன்னா நிம்மதியா இருக்காங்கன்னு சொல்லுவீங்களா, ஆளே இல்லைன்னு சொல்லுவீங்களா? இதை அவகிட்டச் சொன்னேன். அப்பம் புகார் வந்தாலும் நீங்க ஜெயிச்சீங்க, வராட்டாலும் நீங்க ஜெயிச்சீங்களான்னு கேக்கா. என்ன திமிரு பாருங்க. படிச்ச திமிரு.

புல்லாங்குழல் வாரத்துல ஒரே ஒரு ஆளு போன் பண்ணியிருக்காரு. யாருன்னு நினைக்கீங்க? நயினாருதான். சாரு குரலக் காணுமே, அந்த வரிய யாராவது வாசிங்களேன்னு கேட்டிருக்காரு. அதை வச்சு அந்தப் பிள்ளை ஒரு யோசனை கண்டுபிடிச்சா. முதலாளிதான் என்கிட்டச் சொன்னாரு, தன்மையாத்தான் சொன்னாரு.

"வே குத்தாலம், ஓடுத வரிய நீரே வாசிச்சிரும். கண்ணு தெரியாதவங்க, எழுத்துத் தெரியாதவங்க நாலு பேருக்கு உதவும். உம்ம குரலும் வீணாப் போவாது."

எனக்குத் தலைக்கேறிட்டு. ஊர்ப்பட்ட செய்திய வாசிச்ச வாய வச்சு, இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு எடுப்பு, தண்ணி வராதுன்னு வாசிக்கணுமாம். முகம் கூடத் தெரியாதாம், குரல் மட்டுமாம்.

"சாவு வாசிக்கவா அண்ணாச்சி நான் தமிழ் படிச்சேன்?"

அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். திரும்பிப் பாக்கல. ஒருத்தரும் கூப்பிடவும் இல்ல. கூப்பிட்டிருக்கணும்லா? இத்தனை வருஷம் உழைச்சவன் வாசல் தாண்டிப் போறான், ஒரு வாய் கூப்பிட்டா குறைஞ்சா போயிருவாங்க? நன்றி கெட்ட கூட்டம்.

எட்டு மணிக்கு இப்பம் அந்தப் புல்லாங்குழலும் வரியுந்தான். நான் வீட்டுலதான் கிடக்கேன். டீக்கடைக்குப் போகக் கூச்சமா இருக்கு. முன்ன இடம் விட்டவன் இப்பம் பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிடுதான். சாயங்காலமாச்சுன்னா என்னை அறியாமலே தொண்டையைச் செருமுதேன். மீனா அடுப்படியில இருந்து எட்டிப் பாக்கா. எனக்குச் செத்துரலாம் போல இருக்கும்.

நயினாரு மட்டும் விடல. எப்படியோ என் நம்பரை வாங்கி வீட்டுக்கே பேசுனாரு. போன மாசம் ஒரு நாள் குரலே சரியில்ல. சாரு, என் கூட்டாளி வைரமணி போயி ரொம்ப நாளாச்சாம், எனக்கு இப்பந்தான் தெரியுது, எடுக்கதுக்கு முன்னாடி ஒரு தடவை கையையாவது தொட்டிருப்பேன், நீங்க வாசிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்னாரு. கேட்டீங்களா? நான் இல்லாம அந்த மனுசன் என்ன பாடு பட்டிருக்காரு! இதுக்கு என்ன பதில் சொல்லுவா அந்தப் பிள்ளை? நான் இருந்தா இப்படி நடந்திருக்குமா? எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல்ல, நேரா போயி கேட்டுரணும்னு சட்டையெல்லாம் போட்டுட்டேன். மீனாதான், போயி என்னன்னு கேப்பீங்கன்னு சொல்லி மறிச்சுட்டா.

அந்த நயினாருதான் அண்ணாச்சி போயிட்டாரு. அவருக்குத்தான் இந்த மாலை.

எப்படித் தெரியும்னா கேக்கீங்க? அவங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் சொல்லல, அவங்களுக்கு என்னை எங்க தெரியும்? நேத்து எட்டு மணிக்கு டிவியப் போட்டேன். எப்பமும் போடுவேன், யாரு போயிட்டான்னு பாக்கணும்லா. அந்தக் குழலுச் சத்தத்த என்னால சகிக்க முடியாது, அதனால சத்தத்த அடைச்சு வச்சிருவேன். மீனா தட்டுல சோத்தை வச்சா. கீழ ஓடுது, பண்டாரக்குளம் ஆறுமுகநயினார், லாரி ஓட்டுநர், காலமானார், நாளை பகல் எடுப்புன்னு. கையில எடுத்த சோத்தை அப்படியே வச்சுட்டேன். அழுகை அழுகையா வந்துட்டு.

அதுக்குப் பொறவுதான் எனக்குக் கோவம் தாங்கல. என் குரலுன்னா உசுர விடுத மனுசன். அவரு பேரை ஒருத்தராவது வாய் திறந்து வாசிச்சாங்களா? இல்ல. வேற எத்தனையோ பேரோட பேரா, சத்தமில்லாம, அந்தப் பக்கம் வந்து இந்தப் பக்கம் போயிட்டு. அவரு மாதிரியே கண்ணு தெரியாத அவரு கூட்டாளி எவனாவது வீட்டுல உக்காந்திருந்தான்னா, அவனுக்கு யாரு சொல்லுவா? இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்திருவாங்களே! வாசிச்சிருக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. மனுசத் தன்மை வேண்டாமா அந்தக் கூட்டத்துக்கு?

என்னது? வாசிக்கத்தான உங்களைக் கூப்பிட்டாங்கங்கீங்களா?

நல்லாயிருக்கு அண்ணாச்சி, நல்லாயிருக்கு. நீங்களும் அந்தப் பிள்ளை மாதிரியே பேசுதீங்க. கொஞ்சம் எந்திரிங்க, வழிய விடுங்க. என் ஸ்டாப்பு வந்துட்டு. மாலை, மாலை, பாத்து.